வண்டி வராத பாதையில் உன் அப்பா

என் அருமை மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோமா என்பது இந்தக் கடிதம் முடிவதற்குள் தெரிந்துவிடும், தெரிந்ததும் எழுதுகிறேன். உன் அப்பா காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பாதையில் கிளம்பிவிட்டார். எப்போதும்போல் ஒரு சுற்றுப் போய்விட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற கதை இல்லை இது. காட்டைத் தாண்டிப் படகுத்துறை வரை போய், அங்கே விடுதியில் தங்கி, நாளைக்குத்தான் வருவாராம். சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பை தொங்குகிறது, அதில் மாற்றுத்துணி, பம்ப், பஞ்சர் ஒட்டுகிற சாமான், நான் கட்டிக்கொடுத்த சாப்பாடு. மாத்திரையை மட்டும் பையில் வைக்க மனசில்லாமல் நானே சட்டைப்பையில் போட்டு பட்டனையும் மாட்டிவிட்டேன். அவர் தெரு முனை திரும்பியதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், அப்படியும் பொங்கி வழிந்துவிட்டது. சும்மா உட்கார்ந்தால் மனசு கண்டதையும் நினைக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அப்புறம் நீ அங்கே வேலை பார்த்த மாதிரிதான்.

இதை ஆரம்பித்து வைத்தவனே நீதான், அதை மறந்துவிடாதே. அப்பா ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் காய் நறுக்கினால் கூட நறுக்குகிற விதம் சரியில்லை என்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது, ஆற்றங்கரையில் சைக்கிளுக்கென்றே பாதை போட்டிருக்கிறார்களே, மேடு பள்ளம் கிடையாது, வண்டி வராது, பயப்பட என்ன இருக்கிறது என்று போனில் சொன்னாய். அவ்வளவுதான், மறுநாளே போய் சைக்கிளோடு வந்தார். வாழ்நாளெல்லாம் டவுன் பஸ் ஓட்டிய மனுஷன், எதிரே எதுவும் வராத ரோடு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதையே நம்பவில்லை. முதல் நாள் போய்விட்டு வந்து வாயெல்லாம் பல்லாக, ஒரு ஹாரன் இல்ல தெரியுமா, ஒரே ஒரு ஹாரன் இல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் பழக்கம் விடுமா? ஈ காக்காய் இல்லாத பாதையில் ஓரமாகத்தான் ஓட்டுவார். திரும்பும்போது கையை நீட்டிக் காட்டுவார். வழியில் போட்டிருக்கிற பெஞ்சுக்கெல்லாம் ஸ்டாப் என்று பேர், ஒவ்வொன்றிலும் நின்றுவிட்டுத்தான் கிளம்புவார், ஆள் இருக்கா இல்லையா அது நம்ம வேலை இல்ல, ஸ்டாப்புன்னா நிக்கணும் என்பார். வளைவு வந்தால் மணி அடிக்காமல் போகமாட்டார். யாருக்கு அடிக்கிறீங்க, ஆத்துல இருக்கற மீனுக்கா என்று நான் கேலி செய்யாத நாள் இல்லை.

ஒரு தடவை என்னையும் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். பாதை துடைத்து வைத்த தரை மாதிரிதான் இருக்கிறது, நீ சொன்னதில் பொய் இல்லை. ஒரு பக்கம் ஆறு அலுங்காமல் போகிறது, இன்னொரு பக்கம் புல்வெளி, அப்புறம் மரங்கள் நெருங்கி நெருங்கி வந்து காடு தொடங்கிவிடுகிறது. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் சத்தமே இல்லை. சங்கிலி ஓடுகிற சத்தமும் அப்பா மூச்சு வாங்குகிற சத்தமும் மட்டும். நான் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி வராது வண்டி வராது என்று நீயும் அவரும் சொல்கிறீர்களே, வண்டி வராவிட்டால் ஆளும் வரமாட்டான் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லையா? நம் கடைத்தெருவில் ஒருத்தர் தடுக்கி விழுந்தால் தூக்க நான்கு பேர், சோடா கொடுக்க ஒருத்தர், வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் ஓடிவருவார்கள். அங்கே விழுந்தால் மரம்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். போனில் சிக்னலும் கிடையாது. உள்ளே மோட்டார் வண்டி போகாமல் இருக்க முகப்பில் இரும்புக் கம்பி போட்டு ஒரு காவல்காரரை உட்காரவைத்திருக்கிறார்கள், அவர் ஒருவர்தான் அந்தப் பக்கத்துக்கே மனுஷ முகம். அவர் நம்பரை அன்றைக்கே வாங்கிக்கொண்டு, என் நம்பரையும் கொடுத்துவைத்தேன்.

இவ்வளவு பயம் எதற்கு என்று நீ கேட்பாய், சொல்லிவிடுகிறேன். போன மாதம் அப்பாவுக்குக் குளியலறையில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்தபடி நின்றார். டாக்டர் பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார், சமதரையில் மெதுவாக சைக்கிள் ஓட்டலாம், நல்லதுதான் என்றும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவர் படகுத்துறை வரைக்கும் திட்டம் போட்டுவிட்டார். உனக்குச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பு வேறு, பையன் பாதியில வேலைய விட்டுட்டு வந்து நிப்பான் என்றார். நீ பேசும்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், நான் என்ன சொல்ல? மயக்கத்தைவிட எனக்கு அவர் குணத்தை நினைத்துத்தான் அதிக பயம். கடைசி ஸ்டாப் வரை போகாமல் பஸ்ஸைப் பாதியில் திருப்புவதை அவர்கள் டிரிப் கட் என்பார்கள், சர்வீஸில் ஒரு நாள்கூட நான் டிரிப் கட் பண்ணினதில்லை என்பது அவருக்குக் கிரீடம். நீ பிறந்த அன்றைக்குத் தகவல் சொல்லியும் கடைசி ஸ்டாப்பில் ஆட்களை இறக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார், பஸ் நிறைய ஜனம், நடுவழியில எறங்குங்கன்னு சொல்ல முடியுமா என்று பெற்றுப் போட்டுப் படுத்திருந்த என்னிடமே நியாயம் கேட்டார். நீ ஊருக்குக் கிளம்பும்போதும் உன் தோளைத் தட்டி, எடுத்த வேலைய முடிச்சிட்டுத்தான் திரும்பணும் என்றுதானே சொன்னார்? அந்த மனுஷன் காட்டுக்குள் தலை சுற்றினால் திரும்புவாரா? கண்ணை மூடிக்கொண்டாவது படகுத்துறைக்கு மிதிப்பார். இன்று காலையில் டயரில் காற்றைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அவர் வந்து என்ன தேடுற என்றதும் ஒன்றும் இல்லை என்று எழுந்துவிட்டேன். திரும்பி வந்துவிடட்டும், பாதியில் திரும்பிவிடட்டும் என்றுதான் அப்போதிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். இரு, போன் அடிக்கிறது.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதலில் சொல்லிவிடுகிறேன், அப்பா இருக்கிறார், பேசுகிறார், என்னை அடையாளம் தெரிகிறது. காவல்காரர்தான் கூப்பிட்டார், அம்மா உங்க வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டார், சைக்கிளத் தள்ளிக்கிட்டே வந்தார், நடை சரியில்ல என்றார். நான் என்ன வேண்டிக்கொண்டேனோ அதுதான் நடந்தது. ஆனால் திரும்பிவிட்டார் என்று கேட்டதுமே செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினேன், திரும்புகிற ஆளா அவர்? நம் தெரு முனைப் பஞ்சர் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துக் கூடவே வந்தார், அப்பாவை அங்கிருந்து நேராக இங்கே கொண்டுவந்துவிட்டோம். இடது கை சொன்ன பேச்சு கேட்கவில்லை, வாயும் லேசாகக் கோணியிருக்கிறது. மூளைக்குப் போகிற ரத்தம் ஒரு இடத்தில் அடைத்திருக்கிறது, நேரத்தோடு வந்ததால் மருந்து கொடுக்க முடிந்தது, இன்னும் காட்டுக்குள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். இரண்டு மூன்று நாள் போனால்தான் நிச்சயமாகச் சொல்லமுடியுமாம்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது காதோரம் குனிந்து, எப்படிங்க திரும்பணும்னு தோணிச்சு என்று கேட்டேன். வார்த்தை குழறுகிறது, ஒவ்வொன்றாகத்தான் வருகிறது. காட்டுக்குள்ள நொழையற வளைவு, மணி அடிக்கப் போனேன், வெரல் வரல, மணி அடிக்காம வளைவுல எப்படிப் போறது என்றார். அதனால் இறங்கிவிட்டாராம். வலி இல்லை, மயக்கம் இல்லை, வேறு எதுவுமே தெரியவில்லையாம். மீனுக்கா அடிக்கிறீங்க என்று கேட்ட வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை எனக்கு. சைக்கிள் பாதை முகப்பில் காவல்காரரிடம் நிற்கிறது, சாப்பாடு பையிலேயே இருக்கிறது.

அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்துத் தாளை எடுத்தேன். கண்ணைத் திறந்து, பையனுக்கா என்றார். ஆமாம், பயப்பட ஒன்றும் இல்லை என்றுதான் எழுதப்போகிறேன், நீங்கள் தூங்குங்கள் என்றேன். தலையை ஆட்டினார். வேண்டாம், டிரிப்ப கட் பண்ணிட்டு வரச் சொல்லு என்றார். டாக்டர் சொன்னதையெல்லாம் தாங்கிக்கொண்டு நின்றேன், அப்பா அப்படிச் சொன்னதும் வெளியே ஓடிவந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

தபாலுக்குக் காத்திருக்க முடியாது, இங்கே இருக்கும் நர்ஸ் பெண் இந்தத் தாள்களைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். படித்ததும் பதறாதே. வழியில் எங்கேயும் சாப்பிடாமல் வராதே, வண்டிக்காரரை வேகமாகப் போகச் சொல்லாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ வந்து சேர வேண்டும், நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். வீட்டில் யாரும் இருக்கமாட்டோம், சாவி பஞ்சர் கடையில் இருக்கிறது. நேராக இங்கேயே வந்துவிடு.

நீ வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா