கழிமுகத்துக் கெண்டை

பழங்காநத்தம், 1983

அன்புள்ள உங்களுக்கு,

பொய் சொன்னவர் மேல் பிரியம் கூடுமா?

கழிமுகத்தில் பிடித்தது என்று போன வாரம் நீங்கள் கொண்டுவந்த மீன் கெண்டை. அது ஆற்று மீன், உப்புத் தண்ணீரில் வாழாது. மீனே சாப்பிடாத நீங்கள், கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தும் மனைவியை ஏமாற்ற, மதுரைச் சந்தையில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கியிருக்கிறீர்கள். ரசித்துச் சாப்பிட்டேன்.

நீங்கள் வேலை பார்க்கும் ஆலையின் கழிவுநீரால் கழிமுகத்தில் மீனெல்லாம் செத்துவிட்டது. அதை நிறுத்த, சாட்சிக்கு அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் கேட்டேன். "வேலை போயிரும்" என்றீர்கள். இனிக் கேட்கமாட்டேன்.

மறுநாள் எழுதுவது: இதைத் தபாலில் போடுமுன் கழிமுகத்து மீனவர் ஒருவர் ஒரு பாட்டிலோடு வந்தார்.

"சார் குடுத்துவிட்டாரு, அக்கா. மூடியத் திறந்துறாதீங்க, எம்புட்டு நாத்தம்!"

பாட்டிலில் ஒட்டிய சீட்டில், தண்ணீர் எடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் முழுப்பெயர் இருந்தது.

உங்களவள்