மஞ்சள் துணி இல்லாத வீடு

ஜூலை 8, செவ்வாய்

இங்கே அஜக்ஸில் சரியான புழுக்கம். புல் வெட்டவில்லை. மகள் அபி ஆங்கிலம் படிப்பிக்கும் ஜப்பான் மலைக்கிராமத்தில் மூன்று நாளாக அடைமழை. காடு சரிந்து ஒரே பாதையும் மூடிவிட்டதாம். போன் போகவில்லை. 23 தரம் எடுத்துவிட்டேன். அவளை அனுப்பிய அலுவலகம்: "தகவல் வந்தால் சொல்லுவம்."

அந்த ஊர்ப் பாலத்துக் கமரா மட்டும் வேலை செய்கிறது. இணையத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு படம். ஐந்து வீடு, பின்னால் மலை. நீலக் கூரை அபியுடையது. இப்போது அங்கே இருட்டு.

ஜூலை 9, புதன்

வேலைக்கு லீவு. பால் முடிந்துவிட்டது.

இங்கே மாலை ஏழு, அங்கே காலை எட்டு. நாலு வீட்டு வாசலில் மஞ்சள் துணி. நீலக் கூரையில் இல்லை.

வசந்தி: "இஞ்சருங்கோ, உது என்ன துணி? எங்கட பிள்ளையின்ர வாசலில மட்டும் ஏன் இல்லை?"

தெரியாது என்றேன். பொய். என் மனைவியிடமே பொய்.

அங்கே போன புதிதில் அபி சொன்னாள். வீட்டுக்கொரு துணி கொடுப்பார்களாம். ஆபத்து நேரத்தில் கட்டினால் 'இங்கே எல்லாரும் சுகம்'. கட்டாத வீட்டைத்தான் முதலில் வந்து பார்ப்பார்களாம்.

நான், விசரன், சொன்னேன்: "வாசலில ஒரு அடையாளமும் கட்டாதை, பிள்ளை. தனிய இருக்கிறாய்." கலவரத்தில் அடையாளம் வைத்த வீடுகளைத் தேடி வந்து எரித்ததை எங்கள் ஊரில் கண்டவன் நான்.

"அப்பா, இது ஜப்பான்! சரி சரி, கட்டமாட்டன்."

ஒருநாளும் சொல்வழி கேளாத பெட்டை. இதை மட்டும் கேட்டுத் தொலைத்தாளோ? அல்லது கட்ட ஆளில்லையோ? படத்தில் இரண்டும் ஒரே மாதிரி.

ஜூலை 10, வியாழன்

சமையல் இல்லை. பாண், வாழைப்பழம்.

மாலை 6.40: பாலத்தில் வெள்ளை ஹெல்மெட் போட்ட நாலு பேர்.

6.50: மஞ்சள் துணி வீடுகளைத் தாண்டிப் போகிறார்கள்.

7.00: நீலக் கூரை வாசலில் நிற்கிறார்கள். வசந்தியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "கதிரையை இஞ்சால இழுங்கோ, எனக்கு மறைக்குது" என்றாள். அவ்வளவுதான்.

7.10: கதவு திறந்திருக்கிறது. ஒருவரையும் காணவில்லை.

7.20: அதே கதவு. அதே வெறும் வாசல்.

"கட்டடி பிள்ளை, கட்டு!" வசந்தி திரையைப் பார்த்துக் கத்துகிறாள். நானும் கத்துகிறேன். 7.30க்கு இன்னும் நாலு நிமிடம்.