ஓடும் நாளுக்கு வைத்த குளிசை

மாசி 26, திங்கள்

காலையில் தூறல். பத்து மணி வரை விரல் மடங்கவில்லை. தேங்காய் துருவியது மகள். பேனா பிடிக்க இப்போதுதான் முடிகிறது; எழுத்து கோழி கிளறியதுபோல.

மேற்கே ஷெல் சத்தம். நேற்றைவிடக் கிட்ட.

இந்தக் கிழமை சாப்பிட்டது: முருங்கை இலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, முடக்கொத்தான் ரசம் இரண்டு தரம், மஞ்சள் போட்ட பால். "ஆடுகூட இவ்வளவு தின்னாது" என்கிறார் என் மனுசன். சிரிக்கட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமுள்ள இலை, காய், பழத்தில் அன்ரிஒக்சிடன் என்று ஒரு சத்து, மூட்டு வாதத்துக்கு உதவக்கூடும் என்று போன கிளினிக் நாளில் தாதி மிஸி சொன்னார். மறந்துபோகும் என்று பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஓடும் பையை மறுபடி அடுக்கினேன். அடையாள அட்டைகள், காணி உறுதி, மகளின் சான்றிதழ், துவாய், தீப்பெட்டி. அடியில் கிளினிக்கில் தந்த குளிசைப் பொட்டலம். வாதத்துக்குக் கிழமைக்கு ஒருதரம் போடச் சொன்னது. நாலு மாதமாகப் போடவில்லை. ஓடவேண்டிய நாள் வந்தால் மொத்தமாகப் போட்டுக்கொண்டு ஓடலாம் என்று சேர்க்கிறேன். அதுவரை இலை காப்பாற்றட்டும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

பங்குனி 1, வியாழன்

வெயில். ஆனாலும் வலது முழங்கால் பனங்காய் அளவு. அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

இரண்டு வருடமாக எழுதாமல் இருந்ததை எழுதிவிடுகிறேன். சுனாமியன்று தேற்றாத்தீவில் ஊரே ஓடியது. அக்காவால் ஏலவில்லை. வீங்கிய விரல், இறுக்கினால் கத்துவாள். நோகுமே என்று மெதுவாகப் பிடித்தேன். தண்ணீர் இழுத்தபோது கை வழுகியது. அவ்வளவுதான்.

கடலுக்குப் பயந்து வாவிக்கு மேற்கே, இந்தக் கரைக்கு வந்தோம். இப்போது இங்கேயும் பயம். நான் ஓடாவிட்டால் மகளும் ஓடமாட்டாள். அவளை எனக்குத் தெரியும். நான் சாவதைப் பற்றி அல்ல, அதைப் பற்றித்தான் பயம்.

பங்குனி 5, திங்கள்

கிளினிக். சனக் கூட்டம். குடை மறந்துவிட்டேன்.

மிஸி விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஓம் மிஸி."

பொய். காது சூடானது. பிறகு சுற்றி வளைத்துக் கேட்டேன்: பக்கத்து வீட்டில் ஒருத்தி இதே குளிசையைச் சேர்த்து வைத்திருக்கிறாள், ஓடும்போது மொத்தமாகப் போட்டால் கால் சொன்னபடி கேட்குமா?

மிஸி பேனாவை வைத்துவிட்டார். "அது நோவுக் குளிசை இல்லகா. கிழமைக்குக் கிழமை போட்டாத்தான் மூட்டு அரிபடாமக் காக்கும். மொத்தமாப் போட்டா உசிருக்கே ஆபத்து."

"அவ நல்லா இலைக்கறி சாப்பிடுறா."

"சாப்பிடட்டும், நல்லது. ஆனா அது துணைக்குத்தான். குளிசைக்குப் பதில் இல்ல. அரிபட்ட மூட்டை எந்த இலையும் திருப்பித் தராது. இந்தக் கிழமையே ஒழுங்காத் தொடங்கச் சொல்லுங்க."

எழும்பும்போது மெதுவாக, "அவவ அடுத்தமுறை கூட்டிக்கொண்டு வாங்க. ஏசமாட்டன்" என்றார். விளங்கிவிட்டது அவருக்கு.

நாலு மாதம். வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

பங்குனி 6, செவ்வாய்

மகள் தீப்பெட்டி தேடிப் பையைக் கிளறினாள். பொட்டலம் அகப்பட்டது. உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று.

அவள் கத்தவில்லை. முற்றத்துக்குப் போய் முருங்கை இலை உருவினாள். ஒரு கொப்பு முழுக்க மொட்டை. பிறகு வந்தாள்.

"இண்டைக்கு என்ன நாள்?"

"செவ்வாய்."

"இனிச் செவ்வாய்க்குச் செவ்வாய் எனக்கு முன்னால போடணும்."

போட்டேன். "அப்பாக்குச் சொல்லாத" என்றேன்.

பங்குனி 8, வியாழன்

வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் இருந்து எழுதுகிறேன். வகுப்பறைக்கு ஆறு குடும்பம்.

விடிய எங்கள் வயல் வட்டையில் ஷெல் விழுந்தது. ஒரு வயல் தள்ளி. ஊர் முழுதும் வெளிக்கிட்டது. அவர் சைக்கிளில் அரிசியும் பையும். உருவிய முருங்கை இலை சுளகோடு வீட்டில்.

படகுத்துறைக்கு நெடுந்தூரம். பாதி வழியில் கால் மறுத்துவிட்டது. சனம் இடித்துக்கொண்டு போனது. பின்னால் மறுபடி சத்தம்.

"நீ அப்பாவோட முன்னுக்குப் போ. நான் ஆறுதலா வாறன்" என்றேன்.

"பேசாம நடங்கம்மா." கையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவாப் பிடி புள்ள. விரல் நோகுது."

"நோகட்டும்."

இன்னும் இறுக்கினாள். படகு ஏறி, இந்தக் கரையில் இறங்கும் வரை விடவில்லை.

இங்கே கடல் சத்தம் கேட்கிறது. விரல் இன்னும் நோகிறது.