தேய்க்கக் கூடாத சுவர்

அண்ணி,

உங்கள் ஓவன் நேற்று லூனாஸுக்கு வந்து சேர்ந்தது. அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் லோரியிலிருந்து இறக்கி என் சமையலறையில் வைத்தார்கள். கதவைத் திறந்தேன். உள்ளே தட்டின் மேல், நான்காக மடித்த நீலக் கைலித் துண்டு. எடுத்து முகர்ந்தேன். ஓவன் துடைத்த துணிக்கு என்ன வாசம் இருந்துவிடப் போகிறது? கொஞ்சம் நெய், கொஞ்சம் கருகல். மறுபடியும் முகர்ந்தேன். உங்கள் மேல் கோபம் வந்தது.

"சாகறதுக்கு மின்னாடியே சொல்லிட்டா, இது ஒனக்குத்தான்னு" என்றார் அண்ணன்.

வேறு யாருக்காவது கொடுத்திருக்கக் கூடாதா நீங்கள்?

செமிலிங் பக்கத்து எஸ்டேட்டை விற்று பங்களாவைக் காலி செய்தபோது, அங்கே பதினெட்டு வருடம் சமைத்த உங்களுக்கு மேனேஜர் வீட்டம்மா விட்டுப்போன ஓவன் அது. உள்சுவரெல்லாம் சொரசொரவென்று, மங்கிய கறுப்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த மாதிரி இருக்கும். முதலில் பார்த்தபோது நான் அதை அழுக்கு என்றே நினைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அழுக்கு இல்லடி, அது பூச்சு. நெய் தெறிச்சா அது குடிச்சிக்கும், சூட்டுல கொஞ்சங் கொஞ்சமா எரிஞ்சி போயிரும். நம்ம வேல என்னா? ஆறினப்புறம் ஈரத்துணியால ஒரு தொட. சீனிப் பாகு சிந்திட்டா மட்டும் காயவிடாத, அத அதுக்குக் குடிக்கத் தெரியாது. கம்பி நாரு, ஸ்ப்ரே எதுவும் கிட்ட வரக்கூடாது லா."

அப்போதுதான் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். சுங்கை பட்டாணியிலிருந்து, கைநீட்டும் புருஷனை விட்டு, ஒரே ஒரு பையோடு. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு மாசம் இரு. அப்புறம் நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்றார். அந்த ஒரு மாதம் மூன்று மாதமானது உங்களால்தான். அவர் சாப்பிடும்போது பேச்சை எடுத்தால், இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றி வேறு கதைக்குப் போய்விடுவீர்கள். அதற்காக உங்களைத் தேன் ஒழுகப் பேசுகிறவர் என்று சொல்ல மாட்டேன். உப்பு குறைந்தால், "புருசன் வீட்லயும் இப்படித்தான் ஆக்கினியா?" என்று கேட்கிற வாய் உங்களுடையது.

அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் நீங்கள் நெத்திலி வாங்க தஞ்சோங் டாவாய் போயிருந்தீர்கள். பெரியம்மா ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நேரே சமையலறைக்குள் நுழைந்து ஓவன் கதவைத் திறந்தாள்.

"என்னா புள்ள, தீவாளி வருது, அடுப்பு இப்படி கரி புடிச்சிக் கெடக்கு? ரெண்டு பொம்பளைங்க இருக்கிற வீடா இது?"

தீபாவளிக்கு நாம் எதைத்தான் விட்டோம்? காற்றாடி இறக்கை, ஜன்னல் கம்பி, பின்வாசல் கால்வாய் வரை தேய்த்துவிட்டுத்தானே விளக்கேற்றுவோம். நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. அதோடு, முந்தின நாள் வலது சுவரில் அன்னாசி ஜாமைக் கொட்டிவிட்டு, துடைக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தேன். அது பாறையாக இறுகியிருந்தது. கடைக்கு ஓடி ஸ்ப்ரே வாங்கி வந்து அடித்தேன். நுரை பொங்கியது. கம்பி நாரால் மூச்சைப் பிடித்துத் தேய்த்தேன். கறுப்புச் செதில் செதிலாக வந்த பிறகுதான் கை நின்றது. வலது சுவர் வழவழவென்று பளபளத்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன், அண்ணி. அதைத்தான் இன்று வரை என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் அண்ணனின் சூப்பர்வைசர் வீட்டுக்காக, அவசரத்தில் சுவரைக் கவனிக்காமல், அன்னாசி ஜாம் வைத்துச் சுடும் தார்ட்டை உள்ளே வைத்தீர்கள். மிச்சமிருந்த நுரை புகைந்தது. ஒவ்வொன்றிலும் மருந்து நெடி. சூப்பர்வைசரிடம் வாய் நிறையச் சொல்லி வைத்திருந்த அண்ணன், பெரியம்மாவும் மற்றவர்களும் உட்கார்ந்திருக்கும்போதே கத்தினார்.

"பங்களாவுல சமைச்சவன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே! யாரு இத தேய்ச்சது?"

நீங்கள் குனிந்து அந்தச் சுவரை ஒரு விரலால் தடவினீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் பிஸ்கட் டின்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு டின்னுக்கு இரண்டு தடவை போட்டேன்.

"நான்தாங்க. தீவாளிக்குன்னு தேய்ச்சிட்டேன்."

பதினெட்டு வருடம் ஈரத்துணியைத் தவிர எதையும் அந்தச் சுவரில் படவிடாத கை உங்களுடையது. அண்ணன், "இனிமே இந்த வீட்ல இத பத்த வைக்காத" என்று எழுந்து போனார். பெரியம்மா என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

யார் கேட்டார்கள் அண்ணி, உங்கள் பெருந்தன்மையை? அன்று சாயங்காலமாவது என்னைப் பின்வாசலுக்கு இழுத்துப்போய் நான்கு வார்த்தை திட்டியிருந்தால், அழுது முடித்து நிமிர்ந்திருப்பேன். நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் பேக்டரி வேலை கிடைத்து லூனாஸுக்கு வந்துவிட்டேன். ஆறு தீபாவளி உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஆறு தடவையும் கடையில் வாங்கிய பிஸ்கட்டைத் தட்டில் வைத்து நீட்டினீர்கள். நானும் தின்றேன். இனி அண்ணன் என்னை எங்கும் கொண்டுபோய் விட முடியாது என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிடவென்றே வந்தேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்பாமல் பழப் பையை வைத்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் லட்சணம் அதுதான்.

நேற்று அண்ணன் ஓவனைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்: "வெள்ளிக்கெழம சாமி வெளக்கு தொடைக்கிறப்ப இதையும் தொடைப்பா. பத்த வைக்காத அடுப்ப எதுக்குத் தொடைக்கிறன்னு கேப்பேன். சிரிப்பா."

"அண்ணே, அன்னிக்கு அத தேய்ச்சது நான்."

அவர் ஓவனிலிருந்து கையை எடுத்தார். "அப்ப அவ ஏன் நான்தான்னு சொன்னா?"

"நீங்க என்னத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுருவீங்கன்னு."

அவர் குனிந்து, நீங்கள் தடவிய அதே இடத்தைத் தடவினார். "ஆறு வருசம் அவள ஒரு பிஸ்கட் சுட விடலியேடி" என்றார். நான் கலக்கி வைத்த தேநீரைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

இன்று காலை ஒரே ஒரு தட்டு அன்னாசி தார்ட் சுட்டேன். நன்றாகவே வந்தது, சாப்பிடத்தான் மனம் வரவில்லை. ஓவன் ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மற்ற சுவர்களில் தெறித்த நெய்யைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வலது சுவரில் மட்டும் சொட்டுச் சொட்டாக அப்படியே நின்றது. உங்கள் கைலித் துண்டை நனைத்துப் பிழிந்து துடைத்தேன். மற்ற பக்கங்களெல்லாம் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன, அண்ணி. இந்த ஒன்றை மட்டும், என் கை ஓடுகிறவரை, நான்தான் துடைக்க வேண்டும்.