இவர் அறையின் நீக்கல்கள்

ஆனி 9, திங்கள்

விடியவே கச்சான் காற்று, மேற்கிலிருந்து அனலாக. முற்றம் கூட்டி முடிக்கமுதல் திரும்பவும் புழுதி. இவருடைய போர்வையிலும் மண். யன்னலைச் சாத்தித்தானே வைத்திருக்கிறேன்! ஏசி நாள் முழுக்க இரைந்துகொண்டு ஓடுகிறது, அறை குளிர்ந்தபாடில்லை.

நேர்ஸ் பிள்ளை வந்து முதுகுப்புண்ணைத் துடைத்தா. முகம் சரியில்லை. "அன்ரி, வேர்வையில புண் ஊறுது. இந்தக் கிழமை காயாட்டி ஆஸ்பத்திரி வாட்டில போடவேண்டி வரும்."

இவர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அவ போனபிறகு வலது கையால் என் சட்டையைப் பிடித்தார். பாரிசவாதம் வந்ததிலிருந்து ஒவ்வொரு சொல்லாகத்தான் கதை. "அங்க... வேண்டாம்." போனமுறை வாட்டில் பக்கத்துக் கட்டில்காரர் கண்ணுக்கு முன்னால் போனதைப் பார்த்த மனிசன். அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

வாங்க: ஓட்டை அடைக்கிற சிலிக்கன், றப்பர் பட்டி, கதவடியில் பூட்டும் தூரிகை. பப்பாசி.

ஆனி 10, செவ்வாய்

ஹாட்வெயார் கடை. கடைக்காரர் கிண்ணியா நாநாவுக்குச் சிரிப்பு. "காத்து வரட்டுமெண்டு சனம் சுவரை உடைக்குது. நீங்க காத்தை அடைக்கப் போறீங்களாக்கா?"

"நாங்க குளிராக்கிற காத்து நாநா. தெருவுக்கு ஏன் விடவேணும்?"

நல்ல பதில். வீடு வருமட்டும் எனக்கே பெருமை.

இந்த வீட்டைக் கட்டினவர் காற்றுக்காகவே கட்டியிருக்கிறார். கூரைக்குக் கீழே சுவர் நெடுக ஓட்டை. பலகைத் துண்டு வைத்து அடைத்தேன். கதிரைமேல் கதிரை. விழாமல் இறங்கியது மாதாவின் புண்ணியம். யன்னலுக்கு றப்பர், கதவுக்குத் தூரிகை. இடுப்பு போச்சு.

பின்னேரம் கொஞ்சம் குளிர். ஆனாலும் இவர் தலையணை ஈரம். இன்னும் எங்கேயோ காற்றுப் புகுகிற நீக்கல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனி 11, புதன்

நெருப்பு வெயில். மகள் நிரோ கண்டியிலிருந்து போனில். "அம்மா, ஊதுவத்தி கொளுத்திச் சுவரோரம் பிடிச்சுப் பாருங்கோ. புகை எங்க சாயுதோ அங்கதான் நீக்கல்." கெட்டிக்காரி. சந்திக் கடையில் ஒரு பெட்டி வாங்கினேன்.

இவர் நித்திரை என்று நினைத்து, தலைமாட்டு யன்னலில் தொடங்கினேன். மூலையில் புகை பட்டென்று சாய்ந்தது. "இந்தா, பிடிச்சிட்டன்!" என்று சத்தமாகவே சொன்னேன்.

திரும்பினால் இவர் முழித்துக்கொண்டிருக்கிறார். கண்ணீர் காதுப்பக்கம் ஓடுகிறது.

"இப்பவே... கொளுத்திறியோ?"

மடைச்சி நான். எங்கள் வீட்டில் சுரூபத்துக்கு மெழுகுதிரிதான். ஊதுவத்தி கொளுத்தியது செத்தவீட்டுக்கு மட்டும். மாமியை இதே அறையில்தான் கிடத்தினது, இதே தலைமாட்டில்தான் புகைந்தது. எவ்வளவோ விளங்கப்படுத்தினேன். சுவர்ப்பக்கம் போன முகம் திரும்பவில்லை. மத்தியானம் ஒரு வாய் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. வெட்கம், அதைவிடப் பயம்.

ஆனி 12, வியாழன்

கச்சான் அடங்கவில்லை. கஞ்சி இரண்டு கரண்டி குடித்தார். பிறகு, "கொண்டா."

"என்னத்தை?"

"அந்தக் குச்சி."

ஏலாது என்றேன். விடவில்லை. கொளுத்திக் கையில் கொடுத்தேன். துறைமுகத்தில் கிறேன் ஓட்டிய கை, ஒரு குச்சிக்கு நடுங்குகிறது. மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துச் சுவரோரமாக மெல்ல நகர்த்தினேன். கட்டில் தலைப்பலகைக்குப் பின்னால் போனதும் புகை இவர் முகத்துக்கு நேரே பாய்ந்தது.

"அங்க" என்றார்.

பழைய ரீவி அன்ரெனா வயர் வந்த ஓட்டை! வயரைக் கழற்றினோம், ஓட்டையை மறந்தோம். இத்தனை நாளும் தலைக்கு நேரே அனல். சிலிக்கன் பூசினேன்.

"நல்லாப்... பூசு."

அதிகாரம் பண்ணுகிறார். கேட்க ஆசையாக இருந்தது.

பயற்றங்காய் முற்றிவிட்டது, ஆயவேண்டும்.

ஆனி 14, சனி

தலையணை உறை காய்ந்தபடி. நேர்ஸ் பிள்ளை புண்ணைப் பார்த்துவிட்டு, "ஓரம் காயுது அன்ரி. என்ன செய்தனீங்கள்?" வாட் கதை எடுக்கவில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

பப்பாசி ஊட்டினேன். வாய் துடைக்கும்போது கேட்டார், "மிச்சக் குச்சி... எங்க?"

"அலுமாரிக்குள்ள."

"வைச்சிரு. பிறகு... தேடாத."

கண்ணை மூடிக்கொண்டார். ஓம் என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு, அலுமாரியில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் விறகடுப்புக்குள் அப்படியே போட்டேன். அழுகையும் ஆத்திரமும். முழுப்பெட்டியும் ஒரேயடியாகப் பற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. குசினி, கூடம், விறாந்தை எல்லாம் செத்தவீட்டு மணம். ஐயோ, இவருக்கு மணந்தால்!

ஓடிப்போய் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். மூச்சை இழுத்துப் பார்த்தேன். டெற்றோல். பப்பாசி. வேறொன்றும் இல்லை.

மணம் என் சட்டையில் மட்டும். கட்டிலுக்குக் கிட்டப் போகவில்லை. கதவோடேயே நின்றேன். இவர் நெஞ்சு ஏறி இறங்குகிறது. நல்ல நித்திரை.