அம்மாவின் கறிக்கூறும் என் தராசும்

என் ஆசை அம்மா,

ஆமாம், தராசுதான் வாங்கினேன். திண்டுக்கல் கடைவீதியில், புதிதாக. எடை போட்டுக் கொடுப்பதுதான் நேர்மை என்று உன்னிடம் வாதாடியிருப்பேன். நீ மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பாய்.

நீ கண்ணை மூடிய வருஷம் கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் மாடு வெட்டவில்லை. துக்க வீடு. பிறகு தவக்காலம் வந்தது. நாற்பது நாளும் ஊரில் யாரும் கறி கேட்கவில்லை. மாட்டுக் கொட்டத்தில் இரண்டு காளைகள் நின்றன. செவலையும் மயிலையும். நம் காட்டை உழுதவை. டிராக்டர் வந்தபின் சும்மா நின்றவை. பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்து நீ தேற்றிக்கொண்டிருந்தவை.

அப்பாவுக்கு இரண்டையும் லாரியில் ஏற்றிவிடத்தான் எண்ணம். புரோக்கர் இரண்டு தடவை வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். கேரளா போகும் லாரியில் மாடுகள் எப்படி நிற்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். "நம்ம காட்டுல நின்ன மாடு. நம்ம கண்ணு முன்னாடி போகட்டும். நமக்குத் தெரிஞ்ச வீட்டு அடுப்புக்குப் போகட்டும்." அது அன்பா, பிடிவாதமா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதையும் விட்டுவிட்டால் இந்த வீட்டில் நீ இருந்ததற்கு என்ன அடையாளம் என்று தோன்றியது. ஈஸ்டருக்கு நானே வெட்டி விற்கிறேன் என்றேன்.

"ஏத்தா, கறி விக்கவா ஒன்ன மதுரைக்கு அனுப்பி எம்.ஏ. படிக்க வச்சேன்?" என்றார் அப்பா.

"எட்டாங்கிளாஸ் படிச்ச அம்மாவே நல்லா வித்துச்சு. நான் அதவிட நல்லா விக்கணும்ல?"

அப்பா சிரித்துவிட்டார். நீ போன பிறகு முதல் தடவை.

உன் முறையை, இதைப் படிக்கிறவர்களுக்காக, ஒரு முறை சொல்லிவிடுகிறேன். தார்ப்பாயில் தேக்கிலை விரித்து, கறி வெட்டும் சவரிமுத்து மாமா கூறு வைப்பார். ஒவ்வொரு கூறிலும் சதை, எலும்பு, கொழுப்பு, ஈரல், குடல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். எல்லாக் கூறுக்கும் ஒரே விலை. நீ கூறுகளுக்கு முதுகு காட்டி உட்காருவாய். மாமா ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். நீ ஒரு பெயரைச் சொல்வாய். அவ்வளவுதான். தொடுகிறவருக்கு அடுத்த பெயர் தெரியாது. பெயர் சொல்கிறவளுக்குக் கூறு தெரியாது.

எனக்கு அது குலுக்கல் சீட்டு மாதிரிப் பட்டது. படிக்காதவர்களின் ஏற்பாடு. அப்படி நினைத்தேன், எழுதக் கூச்சமாக இருக்கிறது.

டவுனில் ஸ்டெல்லா டீச்சர் போனில் கேட்டார்கள். "தோட்டத்து மாடுன்னா கறி மெத்துன்னு இருக்குமாமே. எலும்பில்லாம தனியா தருவியாம்மா?" தருகிறேன் என்றேன். அவர்கள் சொல்லி இன்னும் ஆறு வீடு. எல்லோருக்கும் தொடைக்கறி, எல்லோருக்கும் ஈரல். கேட்டதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். விற்பனை இவ்வளவு எளிதா என்று வியந்தேன். ஒரு மாட்டில் எத்தனை ஈரல் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

ஈஸ்டர் காலை பூசை முடிந்ததும் டவுன்காரர்கள் ஸ்கூட்டரில் வந்தார்கள். செவலையின் நல்ல சதையெல்லாம் நிறுத்துக் கொடுத்தேன். எட்டு மணிக்குள் முடிந்தது. அதன் பிறகுதான் காலனியிலிருந்து லூர்துமேரி அக்காவும் மற்றவர்களும் தூக்குச்சட்டியோடு வந்தார்கள், வழக்கமான நேரத்துக்கு. தார்ப்பாயில் தலை, கழுத்தெலும்பு, குடல்.

"இது வெலை கம்மிதான்க்கா, எடுத்துக்கங்க" என்றேன். உதவி செய்கிற குரலில்.

லூர்துமேரி அக்கா தார்ப்பாயையும் பார்த்தது, தராசையும் பார்த்தது. "ஏம்மா, மிச்சத்துக்கா நாங்க வந்தோம்?"

"அவங்க முன்னாடியே சொல்லி வச்சாங்கக்கா…"

"ஒங்கம்மா முதுகக் காட்டிப் பேரு சொல்லும். நீ மூஞ்சியப் பார்த்துப் போடுற." சட்டியை மூடிக்கொண்டு நடந்தது. கூட வந்த எல்லோரும் நடந்தார்கள்.

எம்.ஏ.வில் சமத்துவம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதில் குடல் எங்கேயும் வரவில்லை.

மதியம் வரை யாரும் வரவில்லை. அப்பா கடப்பாரையை எடுத்துத் தென்னைக்கு அடியில் குழி தோண்டினார். செவலையில் பாதி அங்கே போனது. உன் காலத்தில் ஒரு துண்டு எலும்பாவது மண்ணுக்குப் போனதுண்டா?

"மயிலைக்குப் புரோக்கர வரச் சொல்லவா?" என்றார், கையைக் கழுவிக்கொண்டே.

"ஒரு மாசம் பொறுங்கப்பா."

"ஒரு மாசந்தான்."

லூர்துமேரி அக்கா வேடசந்தூர் மில்லுக்குத்தான் இன்னும் போகிறது. ஷிப்ட் முடிந்து மில் பஸ் வந்து நிற்கிற இடத்தில் காத்திருந்தேன். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நிற்காமல் நடந்தது. நானும் கூடவே நடந்தேன்.

"அடுத்தது கூறுதான்க்கா."

"யாருக்குக் கூறு? எங்களுக்கா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"டீச்சரம்மாவுக்கு?"

"அவங்களுக்கும்."

"குடலோட?" என்று நின்றது. "அதப் பார்க்கவாவது வாரேன்."

டவுனில் ஏழு வீட்டுக்கும் போனேன். நான்கு வீடு வேண்டாம் என்றது. மூன்று வீடு சரி என்றது. ஸ்டெல்லா டீச்சர், "சரி, பார்ப்போம்" என்றார்கள். தேர்வில் தோற்கப் போகிற பிள்ளையிடம் சொல்கிற மாதிரி.

வெட்டலாம் என்று மாட்டு டாக்டரிடம் சீட்டு வாங்கினேன். மயிலையை வெட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். நீயும் நிற்பாயாம், மாமா சொன்னார். கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. இதைப் பற்றி இன்னும் எழுத எனக்கு வரவில்லை.

ஞாயிறு காலை. பதினெட்டுக் கூறு. முதுகு காட்டி உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால் காது எவ்வளவு கூர்மையாகிறது என்று நீ சொல்லவே இல்லையே. தேக்கிலை சரசரக்கும் சத்தம், பின்னால் யாரோ இருமுவது, சட்டி மூடி உரசுவது.

"இது யாருக்கு, பாப்பா?"

வாய்க்கு வந்த முதல் பெயரைச் சொன்னேன். "ஸ்டெல்லா டீச்சர்."

பின்னால் களுக்கென்று சிரிப்பு. கூறில் என்ன இருந்தது என்று பார்க்காமலே புரிந்தது.

"ஐயோ, குடலா கெடக்குதே. அந்தாண்ட இருக்கறத மாத்திக் குடும்மா" என்றார்கள் டீச்சர்.

திரும்பிவிடக் கழுத்து துடித்தது. மூன்று வீட்டில் ஒரு வீடு. அவர்கள் போனால் மற்ற இருவரும் போவார்கள். அப்பா கொட்டத்து வாசலில் நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. மயிலையும் குழிக்குப் போனால் இந்த வீட்டில் இனி கூறு கிடையாது.

"மாத்த முடியாது டீச்சர்" என்றேன், எதிரே இருந்த சுவரைப் பார்த்து.

பின்னாலிருந்து லூர்துமேரி அக்காவின் குரல். "டீச்சரம்மா, பயப்படாதீக. அது ஒண்ணுஞ் செய்யாது, செத்த மாடுதான். கிணத்தடிக்கு வாங்க, கழுவக் காட்டித் தாரேன். சுண்ணாம்பு போட்டு ரெண்டு அலசு, அம்புட்டுத்தான்."

"நீ கழுவுறியா?"

"நான் காட்டுவேன். நீங்க கழுவுங்க."

இந்த முறை சிரித்தது டீச்சர். தேக்கிலையை மடிக்கும் சத்தம் கேட்டது. "இது யாருக்கு?" என்று அடுத்ததைக் கேட்டார் மாமா. பதினெட்டுப் பெயரும் சொல்லி முடிக்கும் வரை நான் திரும்பவில்லை.

அம்மா, ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவையாவது ஓரக்கண்ணால் பார்த்தாயா? யாருக்காவது பார்த்திருப்பாய் என்றே நினைக்கிறேன். பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

என் வாக்கு இது: இந்தக் கொட்டத்தில் மாடு நிற்கும் வரை, எந்த வீட்டுப் பெயரையும் முகம் பார்த்துச் சொல்ல மாட்டேன்.

அன்று மத்தியானம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர் எரியோட்டுக்குப் போனேன். புது டிராக்டர் வாங்கிய ஒரு வீட்டில் உழவு ஓய்ந்த காளை ஒன்று நின்றது. விலை பேசிப் பிடித்து, நடத்தியே வீட்டுக்குக் கொண்டுவந்து, தவிடு கரைத்து வைத்தேன்.

உன் வயிற்றில் பிறந்த
அமலி