கழி குத்தாத இடம்

இன்று காலை கோட்டைக் கொடிமரத்தைக் காணோம், மூத்தாரே.

முந்தாநாள் அடித்த ஐப்பசிக் காற்றில் பாதியில் முறிந்து விழுந்துவிட்டதாம். ஒல்லாந்தர்கள் அதைத் துண்டு போட்டு இழுத்துக்கொண்டு போவதை மீன்கூடையும் கையுமாக நின்று பார்த்தேன். புது மரம் நடுவார்களாம்; ஆனால் அதே இடத்தில் இல்லையாம், கடல் பக்கத்து மூலையிலாம். வாசல் காவல்காரன் சொன்னான். அவர்களுக்கென்ன, எந்த மூலையில் நட்டாலும் கப்பல்காரன் பார்த்துக்கொள்வான். எனக்குத்தான் அதற்குமேல் கால் ஓடவில்லை. மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மரத்துக்காகவா இப்படி என்று ஊரில் யாரும் சிரிப்பார்கள். நீங்கள் ஒருவர் சிரிக்கமாட்டீர்கள். என் மகளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது ஏரியில் இரண்டு கழி அகலத் தண்ணீர். அது எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு சாட்சிகள் இருந்தார்கள், நீங்களும் அந்தக் கொடிமரமும். நீங்கள் பங்குனியில் போய்விட்டீர்கள். இப்போது அதுவும் போயிற்று.

எனக்கு எழுதத் தெரியாது. வலை முடிகிற கைக்கு எழுத்தாணி எங்கே வரும்? மனதுக்குள்ளேதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் நேராகப் பேச எனக்குக் கிடைத்த வழியும் இதுதான். முப்பது வருடம் ஒரே முற்றத்தில் இருந்தோம். தம்பி பெண்டாட்டி கணவனுடைய அண்ணன் எதிரே நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்ற முறையை நாம் இரண்டு பேரும் மீறியதில்லை. உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முற்றத்தில் மேய்கிற கோழியிடம் சொல்வீர்கள். "ஏ கோழி, நாளைக்கு வலைக்கு சாயம் போடணும், பட்டைய ஊறப் போடச் சொல்லு." நான் அடுப்புச் சட்டியைப் பார்த்து, "நேத்தே ஊறப் போட்டாச்சு, கண்ணத் தொறந்து பாக்கச் சொல்லு" என்பேன். அந்தக் கோழிக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் நம் வீட்டு நாட்டாமை அதுதான்.

என் வாய் பொல்லாதது. ஆனால் உங்கள்மேல் நான் கொண்ட கோபம் வாய்க்கோபம் இல்லை. அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அவள் பதினெட்டு நாள் இருந்தாள். பேர்கூட வைக்கவில்லை. வைகாசி வெயிலில் ஒரு மதியம் பால் குடிக்க வாய் திறந்தவள் குடிக்காமலே போய்விட்டாள். பச்சைப் பிள்ளையைப் புதைக்கத்தான் வேண்டும், பெண்கள் கூடப் போகக் கூடாது என்றார்கள். உங்கள் தம்பி இடிந்துபோய்க் கிடந்தார். நீங்கள்தான் துணியில் சுற்றி எடுத்துப் போனீர்கள். நான் உள்ளே கிடந்தேன். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. வற்றட்டும் என்று மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து நான் தலையில் மல்லிகை வைப்பதில்லை.

அந்தக் கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. அந்த மணல்திட்டில் தாழம்புதருக்குப் பக்கத்தில், மேடான இடமாகப் பார்த்து வைத்ததாகச் சொன்னீர்கள். என்னிடம் இல்லை, கோழியிடம். ஐந்து மாதம் கழித்து மழை வந்தது. ஏரி நிரம்பி முகம் உடைந்தது. எத்தனையோ வருடமாக வடக்கே உடைகிற முகம் அந்த வருடம் தாழம்புதரோடு சேர்த்துத் திட்டை அடித்துக்கொண்டு கடலுக்குப் போனது. விடிந்து பார்த்தால் என் மகள் கிடந்த இடத்தில் ஏரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே நாளைக்கு என்ன காற்று என்று சொல்கிற மனிதருக்கு, முகம் எங்கே உடையும் என்று தெரியாமல் போகுமா? அடுத்தவன் பிள்ளைதானே என்று எங்கேயோ வைத்துவிட்டு வந்தீர்கள் என்றே நினைத்தேன். கோட்டைக்கு மீன் கொண்டுபோகும்போது ஒல்லாந்தர்களின் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஒரு கைக்குழந்தைக்கு ஆளுயரக் கல்லைக் கப்பலில் வரவழைத்துப் பேர் வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த அம்மா வந்து கல்லைத் தடவிவிட்டுப் போவாள். அவள் தடவுகிற கையைப் பார்க்கப் பார்க்க என் வயிறு எரியும். ஒருநாள் வீட்டுக்கு வந்து சட்டியிடம் கத்தினேன்: "ஒலாந்தாக்காரன் அவன் புள்ளைக்குக் கல்லு வெச்சிருக்கான். எங்க புள்ளைக்கு இன்னா வெச்சாங்கன்னு கேளு!" நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டீர்கள். 

இப்படியே ஏழு வருடம் போனது.

ஏழாம் வருடம் மார்கழியில் உங்கள் தம்பி காய்ச்சலில் படுத்தார். முகத்துவாரத்தில் வலை கட்டும் பாடு அன்றைக்கு நம் வீட்டு முறை. வலை கட்டுகிற அந்த இடத்தை ஊரில் எல்லா வீடும் முறை வைத்துத்தானே பங்கிட்டுக்கொள்கிறோம். நம் நாள் தவறினால் அடுத்த முறை வர எத்தனையோ நாள் ஆகும். ஒருவர் தோணியை நிறுத்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் வலை கட்டும் கழியை அடிச்சேற்றில் குத்த வேண்டும். உங்கள் மகன் வெளியூர் போயிருந்தான், வேறு ஆள் கிடைக்கவில்லை. நானே போய்த் தோணியில் ஏறினேன். உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் கோழி இல்லாமல் தவித்துப்போய்க் கடைசியில் கழியிடமே பேச ஆரம்பித்தீர்கள். "ஏ கழி, தோணிய கொஞ்சம் இடது பக்கம் ஒடிக்கச் சொல்லு." இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

தண்ணீர் வற்ற ஆரம்பிக்கும் நேரம். வெயில் இன்னும் ஏறவில்லை. ஒரு கழி, இரண்டு கழி என்று நீங்கள் வரிசையாகக் குத்திக்கொண்டே வந்தீர்கள். வலை பின்னாலேயே விரிந்துகொண்டு வந்தது. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினீர்கள். நிமிர்ந்து கோட்டைப் பக்கம் பார்த்தீர்கள், திரும்பி எதிர்க்கரையைப் பார்த்தீர்கள். பிறகு இரண்டு கழி அகலத்தைச் சும்மா விட்டுவிட்டுத் தள்ளிப்போய் அடுத்த கழியைக் குத்தினீர்கள். வலை வேலியில் அவ்வளவு பெரிய வாசல். வற்றுகிற தண்ணீரோடு கடலுக்கு ஓடுகிற இறால் அதன் வழியாகத் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தோணியின் விளிம்பைத் தட்டினேன்.

"ஏ தோணி, இவ்ளோ எடம் வுட்டா எறா பூரா ஓடிடாதா? இன்னா, கண்ணு தெரியலையா?"

கழியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நீங்கள் பேசினீர்கள். கழியிடம் இல்லை.

"புள்ள தூங்குற எடம்மா அது. அங்க கழி குத்தக் கூடாது."

நான் முறையெல்லாம் மறந்து திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தேன். கோட்டைக் கொடிமரமும் எதிர்க்கரை ஒற்றைப்பனையும் நேராக வருகிற இடம் அது என்று காட்டினீர்கள். புதைத்த அன்றைக்கே அடையாளம் பார்த்து வைத்திருந்தீர்கள்.

"நாம மட்டுமா வுடறோம்?" என்று கேட்டேன். நேராக உங்களிடமே கேட்டேன்.

"எல்லா வூட்லயும் வுடறாங்க. தண்ணி வந்த வருசமே நான் போய்ச் சொன்னேன். ஒருத்தரும் ஏன்னு கேக்கல." கழியைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் எடம் தப்பாப் பாத்துட்டேன்" என்றீர்கள். உங்கள் கண் கலங்கி இருந்தது. நான் பதில் சொல்லாமல் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அன்றைக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்ததை எப்படிச் சொல்வேன்? ஊரில் ஒவ்வொரு வீட்டையும் நினைத்துப் பார்த்தேன். குடிகாரன் வீடு, பேராசைக்காரன் வீடு, நம்மோடு சண்டை போட்டு முகம் முறித்துக்கொண்ட வீடு. அடுப்பு எரியாத நாளில்கூட அவர்கள் முறை வந்தபோது இந்த வாசலை அடைக்கவில்லை. என்னைத் தெருவில் பார்த்தால் "இன்னாமா, மீன் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள். ஒருவர்கூட இதைப்பற்றி என்னிடம் வாயைத் திறந்ததில்லை. ஏழு வருடமாக என் மகளை நான் ஒருத்திதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தி அழுதுகொண்டிருந்தேன். கையைத் தண்ணீரில் விட்டேன். அந்த வாசல் வழியாகத் தண்ணீர் கையைத் தொட்டுக்கொண்டு போனது. அங்கே ஓர் எலும்புகூட மிஞ்சியிருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கையை எடுக்க மனம் வரவில்லை.

மறுநாளிலிருந்து நீங்கள் மறுபடி கோழியிடம், நான் சட்டியிடம். நல்ல மீனாக ஒன்றை உங்கள் தட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, "ஆறிடப் போவுது" என்று பூனையைத் திட்டுவேன். தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னீர்களே, அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்துப் பதினான்கு வருடம் ஓடிவிட்டது. பங்குனியில் நீங்கள் மூச்சுக்குத் திணறிக் கிடந்தபோதும் நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். சொல்லவில்லை.

மத்தியானம் உங்கள் மகன் சோற்றுக்கு வந்தான். மீசையெல்லாம் நரைத்துவிட்டது அவனுக்கு. நடக்கும்போது அப்படியே நீங்கள்தான். இன்றைக்கு அந்த முகத்துவாரத்தில் வலை கட்ட அவன் முறை. குழம்பை ஊற்றிவிட்டு நானே பேச்சை எடுத்தேன்.

"கொடிமரம் போயிடுச்சுடா. இனிமே அந்த எடம் எங்கன்னு தெரியாது. இருவத்தோரு வருசம் வுட்டது போதும். ஊர் புள்ளைங்க பசியோட இருக்குது. குத்திடுங்க."

சொல்லிவிட்டேன். பிள்ளையை இரண்டாம் தடவை தூக்கிக் கொடுப்பதுபோல இருந்தது. அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"கொடிமரமா? அதப் பாக்கறத வுட்டு எவ்ளோ வருசமாச்சு, சின்னம்மா! நைனாவே பாக்க மாட்டாரு. நீ வா எங்கூட."

தோணியில் கூட்டிக்கொண்டு போனான். வரிசையில் ஓர் இடத்தில் நிறுத்திக் கழியை என் கையில் கொடுத்தான். "எறக்கிப் பாரு." இறக்கினேன். அது சேற்றுக்குள் முழங்கை ஆழம் தானாகவே போனது. குத்திப் பிடுங்கி, குத்திப் பிடுங்கி, இத்தனை வருடமாக வலை கட்டியதில் குழைந்து கிடக்கிறது ஏரியின் அடி. தோணியைக் கொஞ்சம் தள்ளினான்.

"இப்ப இங்க. குத்தாத, சின்னம்மா. சும்மா வெய்யி."

வைத்தேன். கழி நின்றது. மூத்தாரே, அது அப்படியே நின்றுவிட்டது.

"ஒருத்தரும் குத்தாத மண்ணு," என்றான். "கண்ண மூடிக்கினு வந்தாலும் கழி சொல்லிடும். எங்க புள்ளைங்களுக்கும் காட்டிக் குடுத்தாச்சு."

இப்போது விளக்கு வைத்தாயிற்று. கழியின் கனம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. எத்தனை வீடு, எத்தனை முறை, எத்தனை கூடை இறால் அந்த வாசல் வழியாகப் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஒல்லாந்தர் வீட்டு அம்மா தடவிய கல்லை இனிமேல் பார்த்தால் எனக்கு வயிறு எரியாது. நானும் என் கையால் தொட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றைக்குத் தோணியில் நான் சொல்லாமல் விட்ட பதிலைச் சொல்லத்தான் இவ்வளவும். கோழியும் இல்லை, சட்டியும் இல்லை, நேராக உங்களிடமே சொல்கிறேன். நீங்கள் இடம் தப்பாகப் பார்க்கவில்லை, மூத்தாரே. அடி கெட்டியாக இருக்கிறது.